போர்வைக்குக் கரை தைத்த மூன்று வாரம்

நம் காலத்தில், அடுத்து எந்தப் பள்ளி என்று தீர்மானிக்கும் ஆறாம் வகுப்புத் தேர்வு என்றால் வீடு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். விருந்தாளி வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டில் அவள் அக்காவின் நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு சாவைத் தள்ளிவைத்தார்கள்.

அறுபதைத் தாண்டிவிட்டேன். இதை எழுதும்போது அழுகை வருமோ என்று நினைத்தேன், வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுத முடியும் என்று தோன்றுகிறது.

நாங்கள் தேக்கா சந்தைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கீழே மசாலா அரைக்கும் மில். மிளகாய் அரைக்கும் நாளில் மாடி முழுக்கத் தும்மல். அப்பா துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. அம்மா, நான், எனக்கு ஏழு வயது இளைய தம்பி. தம்பிக்கு நெஞ்சில் ஓட்டை என்று சொல்வார்கள். ஓடினால் உதடு நாவற்பழம் தின்றதுபோல ஆகிவிடும். எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படி. ஆறு படிக்கு ஒருமுறை குந்திக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, குந்தினால் மூச்சு வருகிறது என்று அவனே கண்டுபிடித்திருந்தான். அப்படிக் குந்தியபடியே கீழே தெருவில் போகும் பேருந்துகளின் எண்ணைக் கத்திக்கொண்டிருப்பான்.

அம்மாவின் அண்ணன் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். அங்கே வந்தால் நெஞ்சைத் திறந்து தைத்துவிடலாம் என்று எழுதினார். பள்ளி நடுவாண்டு விடுமுறையில் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். ஏணியில் நாலு படி ஏறியதும் தம்பி குந்திவிட்டான். கப்பல்காரர் ஒருவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் கடைசியாகப் பார்த்தது அவன் செருப்பின் அடிப்பாகத்தைத்தான். புதுச் செருப்பு, கொஞ்சமும் தேயவில்லை.

அம்மா போனதும் அப்பாவின் அக்கா, என் அத்தை, சமைத்துப்போட வந்தார். மதியம் பள்ளி விட்டதும் நான் பாஸ்டரம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. பாஸ்டரம்மா என்றால் எங்கள் தமிழ்ச் சபையின் போதகருடைய மனைவி. அவர் வீடு சபைக் கோயிலுக்குப் பின்னாலேயே இருந்தது. அங்கே மேசை இருந்தது, படிக்க வெளிச்சம் இருந்தது.

அந்த வீட்டுக் கூடத்தில்தான் அந்தத் தையல் சட்டத்தைப் போட்டார்கள். முன்பு சபையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மிஷனரி அம்மா ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. நாலு மரக்கால், நீளவாக்கில் இரண்டு கம்பு, குறுக்கே இரண்டு கம்பு, மூலைக்கு மூலை இறுக்கும் திருகு. அதில் துணியைக் கட்டினால் முரசுத் தோல்போல விறைப்பாக நிற்கும். சுற்றிலும் முக்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். தம்பி ஆப்பரேஷன் முடிந்து திரும்பும்போது போர்த்திக்கொள்ள ஒரு மெத்தைப் போர்வை. அதுதான் திட்டம்.

அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இந்த ஊரு வெக்கைக்கு மெத்தைப் போர்வையா பாஸ்டரம்மா?" என்று சிரித்தார்.

"நவம்பர் மழையில வருவான். கப்பல் காத்து வேற. நெஞ்சில தையலோட வர்ற புள்ள, லேசா நெனைக்காதீங்க."

தேக்காவில் தையல்கடை வைத்திருந்தவரின் மனைவி எங்கள் சபைதான். அவரை டெய்லர் அக்கா என்போம். கடையில் வெட்டிப்போட்ட துண்டுகளை அவர்தான் மூட்டையாகக் கொண்டுவந்தார். பள்ளிச் சீருடை, சட்டைத் துணி, ரவிக்கைத் துண்டு எல்லாம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு நடுப்பகுதி. சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு நீலப் பாப்ளின் கரை. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி வெள்ளை நூலில் சின்னச் சின்ன ஓட்டுத்தையல். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே வர வேண்டும், இல்லையென்றால் துணி சுருங்கி நிற்கும் என்பார் பாஸ்டரம்மா. அதனால் கரை கடைசியில்தான்.

கரைக்கு முறுக்குக் கயிறு மாதிரி ஒரு பின்னல் வடிவம். அதைத் துளையிட்டு வெட்டிய ஸ்டென்சில் அட்டை ஒன்று மிஷனரி அம்மாவின் பெட்டியில் இருந்தது. அட்டையைத் துணிமேல் வைத்து, சாக்பீஸை அரைத்த சாக்குத்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் ஒற்றி எடுத்தால் நீலத்தில் வெள்ளைக் கயிறு விழும். கை பட்டால் அழிந்துவிடும். ஆகவே தைக்கப் போகும் ஒரு முழத்துக்கு மட்டும் அச்சுப் போட வேண்டும். அச்சுப் போடுவது என் வேலை. இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, தையல் அடித்துணி வரைக்கும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரை முதுகுக்குச் சில்லென்று இருக்கும். மேலே துணிக்கூரை. மேலிருந்து ஊசிமுனை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதற்காகக் காத்திருக்கும் ஒரு விரல். அடிக்கையின் விரலில் ஊசி குத்தினால்தான் தையல் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் எல்லோருக்கும் அந்த விரல்நுனி காய்த்துப்போயிருந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு நாள் ஆசிரியர் கூட்டம் என்று பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். பாஸ்டரம்மா வீட்டுக் கதவு எப்போதும் போலத் திறந்திருந்தது. ஆள் இல்லை. வெயிலில் நடந்து வந்த களைப்பில் சட்டத்துக்கு அடியில் போய்ப் படுத்தேன், தூங்கிவிட்டேன்.

பேச்சுக் குரலில் விழிப்பு வந்தது. பக்கத்தில் நாலு கால்கள். குதிகால் வெடித்தது பாஸ்டரம்மாவுடையது. மருதாணிக் கறை மங்கிய நகங்கள் டெய்லர் அக்காவுடையவை. நான் அடியில் இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"தந்தி எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயந்தரம். சட்டைப் பையில வச்சுக்கிட்டே இங்க வந்தாரு அவங்க அப்பா. ஆப்பரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்திருக்கான். மூணாவது நாள் காலைல..."

"ஐயோ ஆண்டவரே."

"அடக்கமும் ஆயிடுச்சாம்."

பிறகு டெய்லர் அக்கா, "பாப்பாவுக்கு?" என்றார். பாப்பா என்றால் நான்.

"சொல்ல வேணாங்கிறாரு. மூணு வாரந்தான் இருக்கு, பரீட்சை முடியட்டும், நானே சொல்லிக்கிறேங்கிறாரு."

"அது சரியா பாஸ்டரம்மா?"

"எனக்குத் தெரியலம்மா. தகப்பன் சொல்றாரு, நாம என்ன சொல்ல?"

துணிமேல் ஒரு விரல் தட்டியது. "அப்ப இது?"

"தைக்கணும். நிறுத்தினா ஏன்னு கேப்பா. கெட்டிக்காரப் புள்ள, உடனே புரிஞ்சுக்குவா."

என் முகத்துக்கு நேர் மேலே ஒரு ஊசி பாதி வெளியே வந்து நின்றிருந்தது. யாரும் அதை இழுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அது மெல்ல மேலே ஏறிப் போனது. பக்கத்திலேயே மறுபடி இறங்கியது. தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு என்ன தோன்றியது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. காது அடைத்துக்கொண்டது, நீச்சல் குளத்தில் முங்கினால் அடைப்பதுபோல. அவர்கள் தேநீர் போட உள்ளே போனதும் வெளியே ஊர்ந்து வந்து, புத்தகப்பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, கோயில் குழாயில் முகம் கழுவிவிட்டுத் திரும்ப முன்வாசல் வழியாக வந்தேன்.

"வந்துட்டியாம்மா? சாப்பிட்டியா?" என்றார் பாஸ்டரம்மா. குரல் அன்றைக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது.

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை. பிறகு அச்சு அட்டையை எடுத்தேன்.

அப்படித்தான் அந்த மூன்று வாரம் ஆரம்பித்தது. எனக்காக அவர்கள் தைத்தார்கள், அவர்களுக்காக நான் தைத்தேன். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு ஊசி கொடுப்பார்கள். இப்போது நான் கேட்காமலே கொடுத்தார்கள். என் தையல் பெரிது பெரிதாக, பல் விழுந்த வாய்போல இருக்கும். முன்பாக இருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பார் பாஸ்டரம்மா. இப்போது, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அடிக்கை விரலில் ஊசி ஏறிக்கொண்டே இருந்தது. பாப்ளினின் அடித்துணியில் சிவப்புப் பொட்டுகள் விழுந்த பிறகுதான் குத்தியதே எனக்குத் தெரியும். பாஸ்டரம்மா தன் எச்சிலைத் தொட்டு அதைத் துடைப்பார்.

"தம்பி நேத்து கஞ்சி குடிச்சானாம்" என்பார் அவர், தலையைத் தூக்காமல்.

"சரி" என்பேன்.

"ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கானாம்."

"சரி பாஸ்டரம்மா."

பாவம், பொய் சொல்லப் பழகாதவர். போதகரின் மனைவி வேறு. ஒவ்வொரு பொய்க்கும் அவர் கழுத்து சிவந்தது.

வீட்டில் அப்பா இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டினார். ஒரு நாள் மாலை இந்தியத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்றைப் பிரித்து, "அம்மா எழுதியிருக்கு" என்று சொல்லி எனக்குப் படித்துக் காட்டினார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் அந்த மெல்லிய நீலத் தாளை ஊடுருவி என் பக்கம் வந்தது. மாமாவின் சாய்ந்த கையெழுத்து. மொத்தம் நாலைந்து வரிதான் இருந்தது. அப்பா கால்மணி நேரம் படித்தார். தம்பி வார்டில் ஒரு பையனோடு சிநேகமாகிவிட்டான், இரண்டு பேரும் பேருந்து விளையாட்டு விளையாடுகிறார்கள், டாக்டர் அவனுக்கு ஆரஞ்சுப்பழம் கொடுத்தார். அப்பா அவ்வளவு பேசுகிறவரே இல்லை. எங்கிருந்து அவருக்கு அத்தனை வந்தது என்று தெரியவில்லை. முடித்துவிட்டுத் தாளை நாலாக மடித்து, "போயி கணக்குப் போடு" என்றார். அத்தை அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

நான் போய்க் கணக்குப் போட்டேன். நன்றாகவே போட்டேன். அதைச் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று வாரத்தில் என் தலை அவ்வளவு தெளிவாக இருந்தது. வேகம், தூரம், பின்னம், எதுவும் தப்பவில்லை. கரையிலும் ஒரு கணக்கு வந்தது. நீளப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஐம்பத்தெட்டு அங்குலம். அச்சு அட்டை ஆறு அங்குலம். ஒன்பது முறை வைத்தால் நாலு அங்குலம் மீந்து கயிறு பாதியில் அறுந்து நிற்கும். டெய்லர் அக்கா கயிற்றை அப்படியே விட்டு மூலையில் ஒரு பூப் போட்டுவிடலாம் என்றார். நான், "ஒவ்வொரு தடவையும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கொறச்சலா தள்ளித் தள்ளி வச்சு, இடைவெளியில கயித்தக் கையால வரஞ்சு சேத்துட்டா சரியா வந்து சேரும்" என்றேன். வைத்துப் பார்த்தோம். வந்து சேர்ந்தது. பாஸ்டரம்மா என் தலையைத் தடவினார். "இந்த மூளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று டெய்லர் அக்காவிடம் சொன்னார். அவர்கள் முடிவு சரி என்று அன்றைக்கு அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

ஆனால் டெய்லர் அக்காவால் தாங்க முடியவில்லை. தேர்வுக்கு ஐந்தாறு நாள் இருக்கும். பாஸ்டரம்மா யாரோ நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். வெளியே மழை. அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு, ஊசி குத்தாமல் விரலில் மாட்டியிருந்த இரும்பு அங்குஸ்தானைக் கழற்றினார்.

"பாப்பா, இங்க பாரு. ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் கண்ணைப் பார்த்தேன். சொல்லத்தான் போகிறார்.

"அக்கா, சாக்குத்தூள் தீர்ந்துபோச்சு" என்றேன்.

"அது இருக்கட்டும்லா. நீ என்னயப் பாரு."

"மூலை இன்னும் அச்சுப் போடல. கடையில நீலச் சாக்கு இருக்குமா? இல்ல வெள்ளையே போதுமா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், அல்லது பயந்துவிட்டார். அங்குஸ்தானை மறுபடி மாட்டிக்கொண்டு, "வெள்ளையே போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் ஏன் அவரைத் தடுத்தேன்? எனக்கு இன்றும் முழுசாகத் தெரியாது. வாய்விட்டுச் சொல்லப்பட்டால் அது நடந்ததாகிவிடும். சொல்லாதவரை, ஏதோ ஒரு வார்டில் ஆரஞ்சு தின்றுகொண்டு அவன் இருப்பான். அப்படி நினைத்திருக்கலாம். இல்லையென்றால், இத்தனை பேர் இத்தனை பாடுபட்டுக் கட்டியதை நான் ஒருத்தி உடைக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை நாலாவது மூலையும் முடிந்தது. திருகைத் தளர்த்திச் சட்டத்திலிருந்து கழற்றினார்கள். விறைப்பாக நின்ற துணி சட்டென்று தொய்ந்து மடியில் விழுந்தது. சுற்றிலும் இருந்த பெண்களில் ஒருவரும் 'அழகாக இருக்கிறது' என்று சொல்லவில்லை. பாஸ்டரம்மா விளிம்பை மடித்துத் தைத்து, படுக்கைவிரிப்பில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று அப்பா பள்ளி வாசலில் நின்றார். ஒருநாளும் வராதவர். என்னை ஃபேரர் பார்க் திடல் பக்கம் கூட்டிப்போய், சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்து ஒரு பலகையில் உட்காரவைத்தார்.

"பரீட்சை எப்படி?"

"சுலபமா இருந்துச்சுப்பா."

"கணக்கு?"

"எல்லாம் போட்டுட்டேன்."

அவர் திடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தம்பி ஆண்டவர்கிட்ட போயிட்டான்மா."

"சரிப்பா" என்றேன்.

மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வார்த்தை. அதுதான் வந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அலறுவேன், பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தயாராக வந்தவர். பிடிக்க ஒன்றுமில்லாமல் கை அப்படியே நின்றது. பிறகு அவர் அழுதார். சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க. அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஐஸ் உருகி என் மடியில் சிவப்பாக வழிந்தது. "அழாதீங்கப்பா" என்றேன்.

வீட்டில் அத்தை கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அடக்கிவைத்ததெல்லாம் அன்றைக்குக் கொட்டியது. என்னைக் கட்டிக்கொண்டு உலுக்கினார். அவர் உலுக்கியபடி ஆடிவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களிடம், "பாருங்க, கல்லு மாதிரி நிக்குது. சொந்தத் தம்பி. ஒரு சொட்டு இல்ல" என்றார். பாஸ்டரம்மாவும் டெய்லர் அக்காவும் அப்போது கூடத்தில் இருந்தார்கள். டெய்லர் அக்கா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண், நல்ல பள்ளியில் இடம். அப்பா எல்லோரிடமும் சொன்னார், "அன்னைக்கே சொல்லியிருந்தா இது வந்திருக்குமா?" சாகும்வரை அப்படியே நம்பினார். மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. மதிப்பெண் வந்திருந்ததே.

அம்மா கிறிஸ்துமஸுக்கு முன்பு கப்பலில் வந்தார். பாதி ஆளாகியிருந்தார். துறைமுகத்தில் என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா எழுதினியா?" என்றார். டாக்சியில் அத்தை சும்மா இருக்கவில்லை. "இவள நெனச்சு நீ கவலப்படாதம்மா. இவ அழவே இல்ல." அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடுவரை அப்படியே வந்தார்.

போர்வையைப் பற்றி அப்பாவிடம் கேட்டாராம் பாஸ்டரம்மா. வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றாராம் அப்பா. ஏதோ ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எது என்று நான் கேட்கவில்லை. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் சட்டத்தின் நீளக் கம்புகளில் திரை கட்டியிருந்தார்கள்.

பிறகு தேக்கா கடைவீட்டைக் காலி செய்து, நாங்களும் எல்லோரையும் போலத் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம், பிள்ளைகள். அப்பா போனார். அம்மா என்னோடு வந்து இருந்தார். என் வீட்டில் தன் மருமகனோடும் பேரப்பிள்ளைகளோடும் சிரித்துப் பேசுவார். என்னோடு மட்டும் பேச்சு எப்போதும் காய்கறி, மாத்திரை, பேருந்து நேரம் என்ற அளவில் இருந்தது. நாங்கள் சண்டை போட்டதில்லை. தம்பியின் பெயரை இருவரும் சொன்னதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு. கோயில் முடிந்து, புதிதாக வேலைக்கு வந்த ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்தைச் சாப்பிட அழைத்திருந்தோம். அவர்கள் வருமுன் அடுக்களையில் நானும் அம்மாவும் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தோம். என் மகள் உள்ளே வந்து கண்ணைக் கசக்கினாள். எனக்கு எரியவே இல்லை. அம்மா அவளிடம் சிரித்துக்கொண்டே, "ஒங்கம்மாவுக்கு எதுக்கும் கண்ணீர் வராது. தம்பி செத்தப்பவே வரல" என்றார். மகள் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் கத்தியை நிறுத்தவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும்மா" என்றேன்.

"என்ன தெரியும்?"

"தம்பி போனது. அப்பா சொல்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே. பாஸ்டரம்மா வீட்டுல பேசிக்கிட்டது காதுல விழுந்துடுச்சு. தெரியாத மாதிரியே இருந்தேன். அவங்ககூட உக்காந்து அவனுக்குப் போர்வை தச்சேன்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து நெருப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மூணு வாரமா?"

"ஆமா."

"யாருகிட்ட பேசின?"

"யாருகிட்டயும் இல்ல."

அம்மா வெங்காயத்தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் போட்டார். "நானும்தான்" என்றார். "அங்க மூணு மாசம். நான் அவன் பேச்ச எடுத்தாலே ஒங்க மாமா எந்திரிச்சுப் போயிருவாரு."

அவ்வளவுதான் பேசினோம். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார்.

"நீ போயிப் படு" என்றார்.

"விருந்தாளிங்க வருவாங்கம்மா."

"நான் பாத்துக்கறேன். போ."

எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மணி பதினொன்று இருக்கும். கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போனேன், படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து திரையை இழுத்து மூடிவிட்டுக் கதவைச் சாத்தினார். விருந்தாளிகள் வந்ததும், சாப்பிட்டதும், போனதும் எனக்குத் தெரியாது. மாலைவரை தூங்கினேன். அம்மா யாரையும் என்னை எழுப்ப விடவில்லை.